விருந்தில் மது: அனுமதிப்பத்திரம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் திருமண வரவேற்புக்கு கேட்டரிங் பேசும்போது, "தலைக்கு இவ்வளவு, குடிவகையும் அதற்குள்" என்று விலை சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. இது ஆபத்தான வழக்கம். 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி மதுவை விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும். போத்தலின் விலையைச் சாப்பாட்டு விலைக்குள் சேர்த்துவிட்டாலும் அது விற்பனைதான். பழைய மாணவர் சங்கங்களின் இராப்போசன விருந்துகளில் டிக்கெட்டுக்குள் மதுவையும் அடக்குவது இதே வகை.

"எங்கள் ரெஸ்டோரண்டுக்கு லைசென்ஸ் இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். அது அந்த முகவரிக்கு உரியது. வெள்ளவத்தைக் கடையின் அனுமதிப்பத்திரம் தெஹிவளை மண்டபத்தில் செல்லாது.

சிக்கலில்லாத வழிகள் இரண்டு. ஒன்று, அனுமதிப்பத்திரமுள்ள ஹோட்டலில் விருந்தை வைத்து, ஹோட்டலே மதுவை விற்பது. அங்கும் பிரதியைக் கேட்டுப் பாருங்கள். அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. தை மாதத் திருமணத்துக்கு மார்கழியில் முற்பணம் கட்டுபவர்கள் புதிய ஆண்டுக்கானதைக் கேட்க வேண்டும். மற்றது, விருந்து கொடுப்பவரே உரிமம் பெற்ற கடையில் வாங்கி, விருந்தினருக்கு இலவசமாகக் கொடுப்பது. கேட்டரிங்காரர் கிளாஸ், ஐஸ், பரிமாறும் ஆட்கள் ஆகியவற்றுக்கு மட்டும் கட்டணம் எடுக்கலாம். மண்டபம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

இந்த இரண்டாவது வழி கெட்டுப்போவது பெரும்பாலும் கணக்கில்தான். கேட்டரிங்காரர் தன் காசில் போத்தல் வாங்கி, பில்லில் சேர்த்து, மிஞ்சியதைத் திருப்பி எடுத்துக் கழித்துவிடுவார். வீட்டாருக்கு வசதிதான், ஆனால் அவர் அங்கே மதுக்கடைக்காரர் ஆகிவிடுகிறார். கடைப் பற்றுச்சீட்டு வீட்டாரிடம் இருக்கட்டும். மிஞ்சியதும் அவர்களிடமே போகட்டும். ஒவ்வொரு போத்தலிலும் மதுவரி ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பெட்டியைப் பிரிக்கும்போதே பார்க்க வேண்டும், மேசைக்குப் போன பிறகு அல்ல.

21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இலவசமாகக் கொடுக்கும் விருந்திலும் அதே எல்லையைப் பிடிப்பதே முறை. போயா (பௌர்ணமி) தினத்தில் விற்பனை கிடையாது. முதல் நாள் இரவு தொடங்கும் விருந்து நள்ளிரவைத் தாண்டினால் போயா பிறந்துவிடும்.

பரிமாறுபவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுக்க வேண்டும். 33.5 சதவீதச் சாராயத்தில் 50 மில்லிலீற்றர் ஊற்றினால் அதில் ஏறத்தாழ 17 மில்லிலீற்றர் மதுசாரம். 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 625 மில்லிலீற்றர் போத்தலில் 55. அதாவது மூன்று ஊற்றுச் சாராயத்துக்கும் மேல். "பியர்தானே" என்று விட்டுவிடுவதால்தான் பல விருந்துகள் சண்டையில் முடிகின்றன. ஊற்றுவதற்கு அளவுக் கிண்ணம் கட்டாயம். கண்ணளவு இரவு ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும்.

வேறு நாடுகளில் தனி நிகழ்வுக்கென்றே மது அனுமதி கொடுக்கும் முறைகள் உண்டு. கலிபோர்னியாவில், ஏற்கெனவே மது பரிமாறும் உரிமமுள்ளவருக்கே 58 ஆம் வகைக் கேட்டரிங் அனுமதி கிடைக்கும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். இங்கிலாந்தில் தற்காலிக நிகழ்வு அறிவித்தலுக்கு 21 பவுண் கட்டணம், 10 வேலைநாள் முன்னறிவிப்பு, 499 பேர் உச்சவரம்பு. தமிழ்நாட்டு அரசு 2023 இல் திருமண மண்டபங்களையும் மது பரிமாறும் சிறப்பு உரிமத்துக்குள் கொண்டுவந்து, எதிர்ப்பு எழுந்ததும் மண்டபங்களை நீக்கியது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. மண்டபத்துக்குப் பொதுவாக உரிமம் கொடுத்தால் மது வேண்டாத குடும்பமும் அதற்குள் இழுபடும். உரிமத்தை ஆளுக்கும் நிகழ்வுக்கும் சேர்த்துக் கொடுப்பதே இங்கே பொருந்தும்.

ஒருநாள் நிகழ்வுக்கான மது அனுமதிப்பத்திரத்துக்கு யார் விண்ணப்பிக்கலாம், எத்தனை நாள் முன்னர், என்ன கட்டணம், எந்த ஆவணங்கள் என்பதை மதுவரித் திணைக்களம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, பிரதேச செயலகங்களிலும் மண்டப அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கேட்டரிங் தொழிலில் உள்ளோர்,
கொழும்பு 06