நினைவு மலர்க் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்

மலேசியா, சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி நினைவு மலர்க் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற மலரில் தோட்டவாரியாக மாணவர் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடம் ஒன்று வந்தது. வெளியீட்டு விழாவில், ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா மலரைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்துப் பேரு எங்க தம்பி?" என்று கேட்டார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். எண்களும் மங்கிக் கிடந்தன. விரல் வைத்துக் காட்ட என்னால் முடியவில்லை. அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி, தொழிலாளர் வாழ்ந்த லயங்கள்கூட இல்லை.

வரைந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். வரைபடம் தீட்ட உதவும் ஆர் (R) மென்பொருளின் பிஎன்ஜி (png) படக் கட்டளைக்கு அளவு கொடுக்காவிட்டால் 480-க்கு 480 புள்ளிகளில்தான் படம் வரும். திரையில் அழகாகத் தெரியும். அதையே 12 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்குச் சுமார் 100 புள்ளிதான். அச்சுக்கு வழக்கமாக 300 வேண்டும். போதாததற்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பியதில் படத்தின் தரம் மேலும் குறைந்தது. பிறகு இழுத்துப் பெரிதாக்கினாலும் இல்லாத விவரம் வராது.

ஆகவே பக்கத்தில் படம் எத்தனை சென்டிமீட்டர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆரில் படத்தைச் சேமிக்கும் ஜிஜிசேவ் (ggsave) கட்டளையில் அந்த அகலத்தையும் உயரத்தையும், அலகு சென்டிமீட்டர் என்று குறிப்பிட்டு, அப்படியே கொடுத்து, கெய்ரோ பிடிஎஃப்பாக (cairo_pdf) சேமிக்கச் சொல்லுங்கள். கோடு கோடாகவே பதிவாகும், பெரிதாக்கினாலும் உடையாது. ஜேபெக் (JPEG) படமாக மட்டும் வேண்டாம். எழுத்தோரங்களில் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும்.

தமிழ்தான் உண்மையான சோதனை. ஆரின் வழக்கமான பிடிஎஃப் கட்டளையில் தமிழ் வராது. கெய்ரோவிலும் சில கணினிகளில் 'சுங்கை'யின் ஐகாரக் குறி ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்படி நேர்ந்தால் ஆரில் சேர்த்துக்கொள்ளும் ராக் (ragg) என்னும் தொகுப்பைக் கொண்டு, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில், அங்குலத்துக்கு 600 புள்ளியில் டிஃப் (TIFF) படக் கோப்பாக எடுங்கள். அது எழுத்தைச் சரியாகக் கோக்கும். கோப்பை விரலியில் (பென் டிரைவ்) போட்டு அச்சகத்தாரிடம் நேரில் கொடுங்கள்.

படம் வரைந்த ஆர் நிரலையும் மாணவர் எண்ணிக்கைப் பட்டியலையும் பள்ளி அலுவலகத்தில் ஒரு படி வையுங்கள். அடுத்த குழு, பழைய படத்தைக் கைப்பேசியில் பிடித்து ஒட்டும் நிலை வரக்கூடாது.

தோட்டப் பெயர்களைத் தட்டச்சு செய்து சரிபார்த்துத் தருகிறேன். அச்சகத்திலிருந்து மாதிரிப் படி வந்ததும் அந்தப் பக்கத்தை ஒரு நாள் என்னிடம் கொடுங்கள். அந்த அம்மாவின் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

அன்புடன்,
முன்னாள் மாணவன்