சனிக்கிழமை ஜெபக்கூட்டம் பற்றி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஈஸ்டர் ஞாயிறோடு பண்டிகை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, பரிசுத்த ஆவி இறங்கிய நாளான பெந்தெகொஸ்தே வரைக்கும் 50 நாளும் உயிர்த்தெழுதலின் காலம்தான். அதுவரை சனிக்கிழமை சாயங்காலம் 7 மணிக்குக் கூடுவோம்.

இந்த வாரம் மாற்கு சுவிசேஷம் 16-ம் அதிகாரம். அதிகாலையில் இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள், அதன் வாசலை மூடிய கல்லை யார் புரட்டுவது என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். பதில் தெரியாமலே நடக்கிறார்கள். விசுவாசம் என்றால் எனக்கு அந்த நடைதான் ஞாபகம் வருகிறது. அவர்கள் கொண்டுவந்த செய்தியைச் சீஷர்கள் முதலில் நம்பவில்லை என்று லூக்கா எழுதுகிறார். நடவுக்குப் போகிற நம் பெண்கள் கூலியைப் பற்றிப் பேசினால் இன்றும் யார் காதில் விழுகிறது?

கீழ்வெண்மணி கிராமம் நமக்குத் தூரம் இல்லை. 1968 டிசம்பர் 25, நம் ஆலயங்களில் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அதே நாள் ராத்திரி, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். நம் கூட்டங்களில் அவர்களை நினைத்து ஜெபித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை, அது வலிக்கிறது. கொலை செய்யப்பட்டவரைத் தேவன் எழுப்பினார் என்று பாடுகிற நாம் இவர்களைக் கடந்து போகக் கூடாது. சனிக்கிழமை அவர்களுக்காகக் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்போம்.

அப்புறம், வாய்க்கால் காய்ந்தாலும் சம்பா அறுத்த வயலில் உளுந்து மண்ணின் ஈரத்தையும் பனியையும் வைத்தே காய்த்துவிடுகிறது, நம்பிக்கை என்றால் எனக்கு அதுதான். உளுந்து பறிக்கப் போகிறவர்கள் தாமதமாக வந்தாலும் சரி, வேலைச் சேலையோடே வாருங்கள். வேதபாடத்தை அவர்களில் ஒருவர் வாசிக்க வேண்டும் என்று ஆசை, யார் என்று இங்கேயே சொல்லுங்கள்.