தில்லி நடைவழிச் செயலியின் தமிழ்ப் பதிப்பு: ஆபத்தான வழிகாட்டல், தவறான விளம்பரம், பணத்தைத் திருப்பித் தரக் கோரல்

அனுப்புநர்
தங்கள் செயலியின் தமிழ்ப் பதிப்பை வாங்கிய ஆறு வாடிக்கையாளர்கள்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
நடைவழிச் செயலி நிறுவனம்.

பொருள்: தில்லி நடைவழியின் தமிழ்ப் பதிப்பில் உள்ள பிழைகளைத் திருத்தவும், செலுத்திய தொகையைத் திருப்பித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வழிகாட்டி யாரும் இல்லாமல் தலைநகரின் ஒன்பது முக்கிய இடங்களை நடந்தே பார்த்துவிடலாம் என்று சொல்லி விற்கப்படும் உங்கள் தில்லி நடைவழியை, தலைக்கு 499 ரூபாய் வீதம் ஆறு பேர் வாங்கினோம். செயலி சொன்ன வரிசையிலேயே முழு வழியும் நடந்து, ஒலிக்குறிப்பையும் வரைபடத்தையும் நேரில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறோம். கூட வழிகாட்டி வந்தால், தவறாகச் சொன்னாலும் "இல்லை, இந்தப் பக்கம்" என்று உடனே திருத்திக்கொள்வார். காதில் ஹெட்போன் மாட்டித் தனியாக நடப்பவருக்கு உங்கள் குரல் ஒன்றுதான் துணை. அந்தக் குரல் பல இடங்களில் தவறாகச் சொல்கிறது. ஓர் இடத்தில் உயிருக்கே ஆபத்தாகச் சொல்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கடமைப் பாதையில் (முன்பு ராஜ்பத், இப்போது கர்தவ்ய பத்) நடப்பவர்கள் போக்குவரத்தைக் கடக்க நான்கு சுரங்கப்பாதைகள் உள்ளன. ஜன்பத் சந்திப்பில் இரண்டு, இந்தியா கேட்டைச் சுற்றியுள்ள அறுகோணச் சாலையில் இரண்டு. உங்கள் மூல உரையில் 'சப்வே' என்று இருந்திருக்க வேண்டும். நம் நாட்டில் சப்வே என்றால் சாலைக்கு அடியில் நடந்து கடக்கும் வழி. தமிழ்ப் பதிப்பில் அது "சுரங்க ரயிலில் செல்லவும்" என்று ஆகியிருக்கிறது. ஜன்பத் சந்திப்பில் நிற்பவர் இதைக் கேட்டு மெட்ரோ நிலையத்தைத் தேடி அலைவார். அதுகூடப் பரவாயில்லை, நேரம்தான் போகும். அறுகோணச் சாலையில் நடப்பது வேறு. சுரங்கப்பாதைக்குள் இறங்கியதும் ஜிபிஎஸ் சிக்னல் போய்விடுகிறது. செயலி அதை "வழி தவறிவிட்டீர்கள்" என்று எடுத்துக்கொண்டு புதிய பாதை போடுகிறது. வரைபடத்தில் உங்கள் கோடு வாகனச் சாலையின் நடுக்கோட்டை ஒட்டியே வரையப்பட்டிருப்பதால், அந்தப் புதிய பாதை நடப்பவரை மேலே ஏற்றி நேராகச் சாலையின் குறுக்கே அனுப்புகிறது. பல திசைகளிலிருந்து வண்டிகள் வந்து சேர்ந்து சுற்றிப் பிரியும் சாலை அது. அங்கே ஒரு நிமிடம் நின்று பார்த்த யாரும் ஒரு வயதானவரைத் தரைமட்டத்தில் கடக்கச் சொல்ல மாட்டார்கள். இந்த ஒரு குறைக்காகவே, திருத்தம் முடியும்வரை இந்த நடைவழியின் விற்பனையை நிறுத்த வேண்டும் என்று கேட்கிறோம்.

அடுத்தது விளம்பரம். தமிழ்ப் பதிப்பின் முகப்பில் செங்கோலின் படத்தைப் பெரிதாகப் போட்டு, முதல் நிறுத்தமான நாடாளுமன்றத்தோடு அதைச் சேர்த்திருக்கிறீர்கள். 1947இல் திருவாவடுதுறை ஆதீனம் நேருவிடம் அளித்த அந்தச் செங்கோல், 28 மே 2023 அன்று புதிய நாடாளுமன்றத்தின் மக்களவைக்குள், சபாநாயகர் இருக்கைக்கு அருகில் நிறுவப்பட்டது. தெருவில் நடந்து போகிறவர் அதைப் பார்க்க வழியே இல்லை. பாதுகாப்புத் தடுப்புகளால் கட்டடத்தைச் சுற்றி வரவும் முடியாது. தூரத்திலிருந்து மட்டுமே பார்க்கலாம். தமிழர்களுக்கு இதன்மேல் இருக்கும் பற்று தெரிந்தே இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பார்க்க முடியாத ஒன்றைக் காட்டி விற்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்லும் தவறான விளம்பரத்துக்குள் வரும் என்பது எங்கள் நிலைப்பாடு.

விளம்பரம் 2023க்குப் பிறகு செய்தது. உள்ளே இருக்கும் உரையோ அதற்கு முந்தையது. இந்தியா கேட்டின் வளைவுக்கு அடியில், உயிர்நீத்த போர்வீரர்களுக்கான நினைவுச் சுடரான அமர் ஜவான் ஜோதி எரிவதாக ஒலிக்குறிப்பு சொல்கிறது. 1972 ஜனவரி 26 முதல் அங்கே எரிந்த அந்தச் சுடர், 21 ஜனவரி 2022 அன்று பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவிடத்தின் சுடரோடு சேர்க்கப்பட்டுவிட்டது. வளைவுக்குப் பின்னால் உள்ள கல்மண்டபம் காலியாக இருப்பதாகவும் சொல்கிறது. ஐந்தாம் ஜார்ஜின் சிலை 1968இல் அகற்றப்பட்ட பிறகு அது நெடுங்காலம் காலியாக இருந்தது உண்மை. 8 செப்டம்பர் 2022 முதல் அங்கே 28 அடி உயரக் கருங்கல் நேதாஜி நிற்கிறார். சிலைக்கு எதிரிலேயே நிற்பவரிடம் "மண்டபம் வெறுமையாக உள்ளது" என்று காதில் சொன்னால், மற்ற தகவல்களை அவர் எப்படி நம்புவார்?

அதே நிறுத்தத்தில் இன்னொரு பிழை. இந்தியா கேட்டை "சுதந்திரப் போராட்ட வீரர்களின் நினைவுச்சின்னம்" என்கிறீர்கள். 42 மீட்டர் உயரமுள்ள அந்த வளைவு, முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆங்கிலேய–ஆப்கன் போரிலும் இறந்த பிரிட்டிஷ் இந்தியப் படைவீரர்களுக்காகக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது. 1921இல் அடிக்கல் நாட்டி, 1931இல் திறந்தார்கள். சுவர்களில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சுதந்திர இந்தியாவின் வீரர்களுக்கான நினைவிடம் 25 பிப்ரவரி 2019 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடம்தான். அதற்கு நீங்கள் கொடுத்திருப்பது எட்டு நிமிடம். வட்ட வட்டமாக அமைந்த சுவர்களில் பெயர்களைப் படித்துக்கொண்டு நடக்க முக்கால் மணி நேரமாவது வேண்டும். அனுமதி இலவசம் என்பதைக் கூடச் சொல்லவில்லை.

இப்போது வழியின் திசை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புது தில்லியை நடந்து பார்ப்பதன் உயிரே இங்கேதான் இருக்கிறது. உங்கள் வழி நாடாளுமன்றத்தை அடுத்து, குடியரசுத் தலைவர் மாளிகை அமைந்த ரைசினா மேட்டிலிருந்து கிழக்கே இந்தியா கேட்டுக்கு வருகிறது. காலையில் அப்படி நடந்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பார்க்க வேண்டிய மாளிகையோ முதுகுக்குப் பின்னால் போய்விடும். மேட்டின் அடியில் உள்ள விஜய் சௌக்கில் நிற்கவைத்து "எதிரே குடியரசுத் தலைவர் மாளிகையின் முழு முகப்பையும் பாருங்கள்" என்றும் சொல்கிறீர்கள். அந்த இடத்திலிருந்து முகப்பு தெரியாது. மேலெழும் சாலை அதை மறைத்துவிடும், குவிமாடம்தான் தலைகாட்டும். தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த இன்னொரு கட்டடக் கலைஞரான பேக்கர் அவற்றையும் மேட்டின் மேலேயே வைத்ததால் மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. நடுவில் ஏறும் சாலையின் சரிவு பார்வையை வெட்டியது. மாளிகையை வடிவமைத்த லட்யன்ஸ் இதை மாற்றப் போராடிப் பார்த்தார், முடியவில்லை.

இந்தக் குறையை நடந்து போகிறவர் காலால் உணர வேண்டுமானால் எதிர்த் திசையில் நடக்க வேண்டும். காலையில் வெயில் ஏறத் தொடங்கியதும் இந்தியா கேட்டில் இறங்கி, மேற்கு நோக்கி நடங்கள். வெயில் முதுகில் விழும், எதிரே கிழக்குப் பார்த்த மாளிகை ஒளியோடு தெரியும். நெருங்க நெருங்கப் பெரிதாக வேண்டிய கட்டடம் மெல்ல மெல்லத் தரைக்குள் அமிழும். விஜய் சௌக் தாண்டி மேடேறும்போது மீண்டும் எழுந்து வரும். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமலே ஒரு சிறு பிள்ளைக்கும் இது புரிந்துவிடும். பிறகு கீழே இறங்கி, மத்தியச் செயலக நிலையத்தில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையம் படேல் சௌக். அங்கிருந்து ஜந்தர் மந்தர் நடக்கும் தூரம்தான். கடைசியில் கன்னாட் பிளேஸும் அக்ரசேன் படிக்கிணறும். இந்த வரிசையில் போனால் உங்கள் வழியில் வரும் வீண் நடையும் குறையும்.

ஜந்தர் மந்தர் பற்றிய குறிப்பை முழுவதும் மாற்றி எழுத வேண்டும். பெயருக்கு "மாய மந்திரம்" என்று பொருள் கூறியிருக்கிறீர்கள். யந்திரம் என்ற சொல்தான் மக்கள் வாயில் ஜந்தர் ஆயிற்று. அரசர் இரண்டாம் ஜெய் சிங் 1724இல் கட்டிய வானியல் கருவிக்கூடம் அது. அங்கே உள்ள சாம்ராட் யந்திரம் என்ற பெரிய சூரியக்கடிகாரத்தைப் பற்றி "இன்று சரியான நேரம் காட்டுவதில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். அது தில்லியின் சூரிய நேரத்தைக் காட்டுகிறது. நம் கைக்கடிகாரம் காட்டுவது 82.5 பாகை கிழக்கு நெட்டாங்கின் நேரம். தில்லி இருப்பது ஏறத்தாழ 77.2 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 21 நிமிட வித்தியாசம் வந்தே தீரும். பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் இதுவும் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இராது. பிப்ரவரி நடுவில் சுமார் 35 நிமிடம் பின்தங்கும். நவம்பர் தொடக்கத்தில் 5 நிமிடம்தான். தேதியை வைத்து, நிழல் காட்டும் நேரத்தோடு கூட்ட வேண்டிய நிமிடங்களைச் செயலியே போட்டுக் காட்டினால், பார்க்க வருபவர் நிழலைத் தாமே படித்து நேரம் சொல்வார். பனிமூட்டமான ஜனவரிக் காலையில் நிழலே விழாது என்ற எச்சரிக்கையும் வேண்டும். நுழைவுக் கட்டணம் உண்டு. நீங்கள் இலவசம் என்கிறீர்கள்.

ஒலிக்குறிப்பு தானாகத் தொடங்கும் எல்லை எல்லா நிறுத்தங்களுக்கும் ஒரே அளவாக, சுமார் 10 மீட்டராக இருக்கிறது. கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். கன்னாட் பிளேஸின் தூண் வரிசைக்குள் இன்னும் அதிகம். இந்தியா கேட்டின் அடிவரை பொதுமக்களை விடுவதில்லை என்பதால் அங்கே குறிப்பு தொடங்கவே இல்லை. அந்த வளைவை முழுதாகப் பார்க்க எப்படியும் பின்னால் தள்ளித்தான் நிற்க வேண்டும். எல்லையை 50 மீட்டராக்கி, கையால் அழுத்தித் தொடங்கும் பொத்தானும் வையுங்கள். "உங்கள் இடப்புறம்" என்று சொல்லுமுன் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். விஜய் சௌக்கை "வெற்றிச் சதுக்கம்" என்று மொழிபெயர்க்க வேண்டாம். பலகையிலும் ஆட்டோக்காரர் வாயிலும் இருக்கும் பெயரே நடப்பவருக்கு உதவும். இணையம் இல்லாமல் ஓடும் என்கிறீர்கள், ஆனால் சேமித்த வரைபடத்தில் சிறு சாலைகளின் பெயர் வரவில்லை. ஹேலி சாலையின் பெயர் தெரியாமல் அக்ரசேன் படிக்கிணற்றைக் கண்டுபிடிப்பது கடினம். கிணற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்தே பார்க்கலாம் என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

மொத்தத் தூரம் 4.5 கி.மீ., இரண்டு மணி நேரம் என்பது பறவை பறக்கும் கணக்கு. செங்கோட்டையை விட்டுவிட்டாலே 9 கி.மீ.க்குக் குறையாது. எட்டாவது நிறுத்தமான ஜந்தர் மந்தரிலிருந்து ஒன்பதாவதான செங்கோட்டைக்கு "12 நிமிட நடை" என்கிறீர்கள். இடையில் உள்ள தூரம் கிட்டத்தட்ட 5 கி.மீ. ஜன்பத்தில் வயலட் வழித்தட மெட்ரோ ஏறினால் ஐந்தாவது நிலையம் லால் கிலா, கோட்டைக்கு எதிரிலேயே. அதைத் தனி நாளாகப் பிரிப்பதே நல்லது. செங்கோட்டைக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. உங்கள் செயலி திங்களன்றும் "திறந்துள்ளது" என்றே காட்டுகிறது. ஜனவரியில் அணிவகுப்பு ஒத்திகைகளுக்காகக் கடமைப் பாதை மூடப்படும் நாட்கள், 29ஆம் தேதி விஜய் சௌக்கில் நடக்கும் படைத்திரும்பல் (பீட்டிங் ரிட்ரீட்) விழா, ஆகஸ்ட் 15க்கு முன் செங்கோட்டை மூடப்படும் நாட்கள் எதுவும் இல்லை. குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் போக இணையத்தில் முன்பதிவு வேண்டும் என்பதும் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை: ஆறு பேரின் தொகையான 2,994 ரூபாயைச் செலுத்திய கணக்குகளுக்கே திருப்பித் தர வேண்டும். சுரங்கப்பாதைக் குறிப்புகளைத் திருத்தும்வரை விற்பனையை நிறுத்தி, ஏற்கெனவே வாங்கிய அனைவருக்கும் செயலி வழியாக எச்சரிக்கை அனுப்ப வேண்டும். செங்கோல் படத்தை நீக்க வேண்டும். திருத்திய வழியைத் தமிழ் அறிந்த ஒருவர் ஹெட்போனோடு முழுவதும் நடந்து பார்த்த பிறகே மீண்டும் வெளியிட வேண்டும்.

மின்வணிக விதிகள் 2020இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டியது தங்கள் பொறுப்பு. அதற்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், நாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவோம்.

இப்படிக்கு,
தமிழ்ப் பதிப்பின் வாடிக்கையாளர்கள் அறுவர்

இணைப்பு: ஆறு ரசீதுகள், நிறுத்தம் வாரியாகச் செயலித் திரையின் பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்), அறுகோணச் சாலையில் செயலி காட்டிய பாதையின் காணொலிப் பதிவு, திருத்தங்கள் குறிக்கப்பட்ட ஒலிக்குறிப்பு உரை.