புளியரை வயல்வெளியில் பல்லுயிர்ப் பதிவு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

புளியரை வயல்களிலும் குளக்கரைகளிலும் எடுத்த பறவை, பட்டாம்பூச்சிப் படங்களை நாம் இக்குழுவில் ஆர்வமாகப் பகிர்ந்தாலும், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அதனுள் பதிந்திருந்த இடமும் நேரமும் நீங்கிவிடுவதால், உயிரினங்கள் காணப்படும் இடங்களைக் காட்டும் எந்த வரைபடத்திலும் அவை சேர்வதில்லை. எனவே 18.1.2026 ஞாயிறு காலை 6.30 மணிக்குப் புளியரை பேருந்து நிறுத்தத்தில் கூடி, உயிரினங்களைப் படத்துடன் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் நேரடியாகப் பதிவிட உள்ளோம்.

1. செயலியை முன்னரே நிறுவி, கைப்பேசியில் இருப்பிட வசதியை இயக்கி வையுங்கள்.

2. பழைய படங்களை, இடமும் நேரமும் நீங்காதிருக்க, எனக்கு 'டாக்குமென்ட்' ஆக மட்டும் அனுப்புங்கள்.

3. பெயர் தெரியாவிட்டாலும் பதிவிடலாம். மற்றவர்கள் இனங்கண்டு உறுதிசெய்த பிறகே அது ஆய்வுத்தரப் பதிவாகும் (ஆய்வுக்குப் பயன்படுத்தத் தக்கது). பட்டாம்பூச்சியானால் இறக்கையின் அடிப்பக்கமும் தெரிய வேண்டும். நம்மில் பலர் மேற்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

4. தேவாங்கு, கூட்டிலிருக்கும் இருவாச்சி போன்றவற்றின் இடத்தைக் குழுவிலோ முகநூலிலோ குறிப்பிடவே வேண்டாம். வேட்டையாடுவோருக்கும் அதே வரைபடம்தான் வழிகாட்டும். செயலியில் இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

5. கேரள எல்லை தாண்டி ஆரியங்காவு பக்கக் காட்டுக்குள் செல்ல மாட்டோம்.

வருவோர் வெள்ளி இரவு 8 மணிக்குள் தம் பெயரையும், உடன்வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இங்கே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒருங்கிணைப்பாளர்