இரண்டு வருடம் முடிகிறது

அன்புள்ள கோமதி,

நலம். எட்டு மாதமாக ஒரு வரிகூடப் போடாததற்குத் திட்டுவதானால் இப்போதே திட்டி முடித்துவிடு. அப்புறம் இதைப் படி.

தம்பிக்கு அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம் முடிகிறது. நிஜம் எது, பிரமை எது என்று புரியாமல் போகும் சைக்கோசிஸ் முதல் தடவை வந்தபோது சேர்த்த தொடக்கநிலைச் சிகிச்சை அவ்வளவு நாள்தானாம். “நன்றாகத்தானே இருக்கிறார், இனி பொதுப் பிரிவில் காட்டிக்கொள்ளுங்கள்” என்றார்கள். நன்றாக இருப்பதே உங்களால்தானே என்று கேட்டிருக்க வேண்டும். என் வாய்தான் உனக்குத் தெரியுமே, வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொள்ளும்.

அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் இதையே படிக்கிறேன். கணக்கில் நான் வாங்கிய மார்க்கை நினைத்துச் சிரிக்காதே. டென்மார்க்கில் ஓபஸ் என்று ஓர் ஆய்வு, 547 பேர். இரண்டு வருடத் தனிக் கவனிப்பில் இருந்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். ஐந்தாம் வருடம் போய்ப் பார்த்தால் அந்த லாபம் பெரும்பாலும் கரைந்திருந்தது. சரி, ஐந்து வருடமும் கொடுத்துப் பார்ப்போம் என்று அதே நாட்டில் 400 பேரிடம் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது: அறிகுறிகளில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே வருடம் மான்ட்ரியாலில் வேறு கதை. இரண்டு வருடம் முடித்த 220 பேரில், மேலும் மூன்று வருடம் தொடர்ந்தவர்களுக்கு அறிகுறி இல்லாத காலம் கூடியிருந்தது. இங்கிலாந்தில் வழக்கமாக மூன்று வருடம் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு கணக்கு!

என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். வெளியே போகிறவன் எங்கே போய்ச் சேருகிறான் என்பதைப் பொறுத்தது இது. அங்கேயும் கவனிப்பு நன்றாக இருந்தால் நீட்டியும் நீட்டாததும் ஒன்றாகத்தான் தெரியும். தம்பியை இவ்வளவு நாளும் ஒரே ஆள் பார்த்தார். இவன் இரண்டு நாள் ஃபோன் எடுக்காவிட்டால் அது சோம்பலா, வேறெதுவுமா என்று அவருக்குத் தெரியும். இனிமேல் போகும்போதெல்லாம் வேறு டாக்டர், முதலிலிருந்து கதை. மாத்திரை அதேதான்.

நேற்று இவன், “அக்கா, அவர் நம்பரை அழித்துவிடணுமா?” என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

நீ அந்தத் துறையில் இருந்தவள். இன்னும் ஒரு வருடமாவது கேட்டு வாங்க முடியுமா, யாருக்கு எப்படி எழுத வேண்டும்? உடனே பதில் போடு. திட்டை அதோடு சேர்த்து அனுப்பினாலும் சரி.

உன்,
வசந்தா