மழையிலும் படம் நிற்காது என்று சொல்லி விற்ற டிஷ் இணைப்பு: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சேவைப் பிரிவு

பொருள்: டிஷ்ஷைச் சரியாகப் பொருத்தித் தருதல் அல்லது அபராதமின்றி இணைப்பை முடித்தல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கேபிளை எடுத்துவிட்டு உங்கள் டிஷ்ஷுக்கு மாறியது, உங்கள் முகவர் தொலைபேசியில் சொன்னதை நம்பித்தான். தெருவில் கரண்ட் போனால் கேபிளும் போய்விடும், எங்காவது வயர் அறுந்தால் ஆள் வரும்வரை காத்துக்கிடக்க வேண்டும் என்றார். அதில் பொய் இல்லை. வழியில் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் இல்லாவிட்டால் படம் வராதுதான். ஆனால் மழை பெய்தால் என்ன ஆகும் என்று நானாகவே கேட்டதற்கு, "அதெல்லாம் பழைய கதை சார், இப்போது ஒன்றும் ஆகாது" என்று அடித்துச் சொன்னார்.

உங்கள் சேவை வருவது கேயூ பேண்ட் என்னும் உயர் அதிர்வெண் அலைவரிசையில். அந்த அலைகளை மழைத்துளி உறிஞ்சிச் சிதறடிக்கும். கொட்டும் மழையில் கொஞ்ச நேரம் படம் நிற்பது எந்த வீட்டு டிஷ்ஷிலும் நடப்பதுதான். கேபிள்காரரும் பல சேனல்களைச் செயற்கைக்கோளிலிருந்தே எடுக்கிறார். ஆனால் அவருடைய டிஷ் பெரியது, பல இடங்களில் மழை அவ்வளவாகப் பாதிக்காத, அதைவிட அதிர்வெண் குறைந்த சி பேண்டில் இயங்குவது. இதைச் சொல்லியிருந்தால் இரண்டையும் வைத்து யோசித்திருப்பேன். கேட்ட பிறகும் மறைத்தார்கள் என்பது என் முதல் புகார்.

அடுத்தது, டிஷ்ஷை மாட்டிய லட்சணம். லேசான தூறலுக்கே படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. செட்டாப் பாக்ஸ் மெனுவில் ஸ்ட்ரெங்த் கோடு நீளமாக நிற்கிறது, குவாலிட்டி கோடோ நல்ல வெயிலிலேயே பாதியைத் தாண்டுவதில்லை. டிஷ் சரியான திசையைப் பார்க்கவில்லை என்று சந்தேகிக்க இது போதாதா? செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஒரு டிகிரி விலகினால் அங்கே 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். உங்கள் ஊழியர் சிக்னலை அளக்கும் மீட்டரே கொண்டுவரவில்லை. கைபேசியில் திசை பார்த்தார், டிவியில் படம் வந்ததும் போல்ட்டை முறுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். காற்றடித்தால் குறுக்கே வரும் கிளையைக் காட்டியபோது, "வெட்டிவிடுங்கள்" என்றார். மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது! டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பியில் வயர் சேருமிடத்தில் ரப்பர் மூடிகூடப் போடவில்லை, கனெக்டரில் இப்போது பச்சை பூத்திருக்கிறது.

கஸ்டமர் கேரில் எதைச் சொன்னாலும் பாக்ஸை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். ஒருமுறை சூரியக் குறுக்கீடு என்று பதில் வந்தது. அது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வரும்போது, மார்ச் வாக்கிலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் பகலில் சில நிமிடங்கள் வருவது, கேபிளையும் விட்டுவைக்காது. நான் அழைத்தது ஜூன் மாதத்து இரவில்.

இன்னொன்று. ஒரே டிஷ்ஷில் வீட்டிலுள்ள எல்லா டிவியும் ஓடும் என்றார் முகவர். ஒவ்வொரு டிவிக்கும் தனி பாக்ஸ், தனிக் கட்டணம் என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் மீட்டருடன் ஒருவரை அனுப்பி, கிளை மறைக்காத இடத்துக்கு டிஷ்ஷை மாற்றி, கனெக்டரையும் புதிதாகப் போட்டுத் தாருங்கள். படம் வராத நாட்களின் கட்டணத்தை அடுத்த பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும். முடியாதென்றால் பாக்ஸையும் டிஷ்ஷையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்று அபராதம் கேட்டால் கட்டமாட்டேன், நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

முகவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று பதில் எழுதும் முன், அந்த அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்டுவிடுங்கள். உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று தொடக்கத்திலேயே உங்கள் தரப்பில் அறிவித்தார்கள். அதன் நகல் ஒன்று எனக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்