கட்டிலுக்கடியில் இருந்த வெடிகள்

படுவான்கரை, மட்டக்களப்பு
2025 ஜூன் 3

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "ஓம் அப்பா, சரி அப்பா" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் தங்கச்சி படம் பிடித்து அனுப்புவாள். என் கையெழுத்து விளங்காத இடத்தில் அவளிடம் கேள்.

இங்கிலாந்தில் நீ வெம்ப்ளி மைதானத்துக்கு உன் கழகத்தின் உதைபந்து இறுதியாட்டம் பார்க்கப் போன அந்தச் சனிக்கிழமை, மே 24, இங்கே நடந்ததை முதலில் சொல்கிறேன். உங்களுக்குப் பின்னேரம் மூன்று மணி என்றால் எங்களுக்கு இரவு ஏழரை. அம்மா ஆறு மணிக்கே புட்டை அவித்து மூடி வைத்துவிட்டாள், ஆட்டத்துக்கு நடுவில் ஒருவரும் சாப்பாடு கேட்கக்கூடாது என்று. தங்கச்சி போனில் எழுத்தாக வருவதை வாசித்தாள். நான் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். 25ஆவது நிமிடம் கேம்பல் கோல் அடித்தார் என்று அவள் கத்தினாள். நான் எழும்பிய வேகத்தில் கதிரை சரிந்தது, நாய் குரைத்தது, பக்கத்து வீட்டு மாமி "என்னகா, ஆருக்கு என்ன?" என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. ஷெஃபீல்ட் யுனைட்டெட் கோல் அடித்துவிட்டது என்று எப்படி விளங்கப்படுத்துவது? "மகன்ட ஆக்கள் வெல்லுறாங்க" என்றேன். அவவும் கைதட்டினா.

மேல் பிரிவுக்கு ஏறும் கடைசி இடத்துக்கான பிளேஓஃப் இறுதியாட்டத்தை 1997, 2003, 2009, 2012 என்று நான்கு தடவை ஆடியும், ஆட்ட நேரத்தில் ஒரு கோல்கூட அடிக்காத கழகம் என்று நீதானே சொன்னாய். அதனால் அந்த முதல் கோலோடு எனக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் இரண்டாவது கோல். அதை வீடியோவில் பார்த்து இல்லை என்றார்கள். யாரோ ஒருவர் ஓஃப்சைட்டில் நின்று கோல்காப்பாளரின் பார்வையை மறைத்தாராம். தங்கச்சி "கோல்" என்று கத்தி, ஒரு நிமிடம் கழித்து "இல்லையாம்" என்று சொன்ன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 76ஆவது நிமிடம் எதிரணி சண்டர்லாண்ட் ஒன்று போட்டது. 90 நிமிடமும் முடிந்து, வீணான நேரத்துக்குக் கூட்டிக் கொடுத்ததில் ஐந்தாவது நிமிடம், உங்கள் ஆள் ஒருவர் தவறிக் கொடுத்த பந்தை எடுத்து அந்த 19 வயது டொம் வொட்சன் அடித்தான். அவன் ஏற்கெனவே பிரைட்டனுக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டவனாம். கலியாணம் பேசி முடிந்த பெண், பிறந்த வீட்டில் கடைசியாக ஒரு கறி வைத்துவிட்டுப் போவதுபோலப் போயிருக்கிறான்.

புட்டு ஆறிப்போயிற்று. யாரும் சாப்பிடவில்லை.

உன்னிடமிருந்து "தோத்துட்டம்" என்று ஒரே ஒரு சொல் வந்தது. பிறகு மூன்று நாள் சத்தமே இல்லை. நான்காம் நாள் நான் போன் எடுத்தால், "அது சும்மா ஒரு விளையாட்டுத்தானே அப்பா" என்கிறாய். மகன், அந்தக் குரல் எனக்குத் தெரியும். 2012இல் இதே சொல்லை இதே குரலில் நான் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நானும் இப்போது நம்பவில்லை.

அந்த வருடம் உனக்குப் 12 வயது. பாதி ஞாபகம் இருக்கும், மீதியை நீ அறிய வாய்ப்பில்லை. நம் ஊர் உதைபந்துக் கழகம் ஏ பிரிவுக்கு ஏற வேண்டிய வருடம். கடைசி ஆட்டத்தில் ஒரு சமநிலை போதும். நான் செயலாளர். எனக்கு ஆட்டத்தைவிட அதற்குப் பிறகு செய்ய வேண்டியதெல்லாம்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்வலத்துக்கு உழவு மெசின் பெட்டி பேசியாயிற்று. கோயிலடியில் பொங்கலுக்குப் பானை சொல்லியாயிற்று. காத்தான்குடிக்குப் போய் வெடி வாங்கினேன், 4,500 ரூபாய்க்கு. கழகத்தின் கையிருப்பில் பாதிக்கு மேல் அது. தலைவருக்குச் சொல்லவில்லை. வாங்கிய வெடிப் பெட்டியை உன் கட்டிலுக்கடியில் வைத்து, அம்மாவிடம் சொல்லாதே என்று உனக்கு ஒரு சொக்லட்டும் தந்தேன்.

ஆட்டம் டவுனில், வெபர் மைதானத்தில். அமெரிக்காவிலிருந்து வந்து மிக்கேல் கல்லூரிப் பொடியன்களுக்கு விளையாட்டுப் பழக்கிய அடிகளாரின் பெயர் அது. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு அன்றைய நாள்தான் வருகிறது. பாவம் அவர், எங்கள் தோல்விக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முடிய இன்னும் மூன்று நான்கு நிமிடம். நம் கோல்காப்பாளர் பொடியனுக்கு 18 வயது. வந்தது லேசான பந்து. நிலத்தில் குத்தி, அவன் தோளுக்கு மேலால் உள்ளே போயிற்று. அவ்வளவுதான்.

மண்முனைப் பாலம் திறக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பாதை என்கிற மிதவைப் படகில்தான் ஆற்றைக் கடந்தோம். இருட்டிவிட்டது. இருபது பேர் அளவில் இருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏறுவதற்கு முன் துறையில் வைத்து நான் அந்தப் பொடியனை எல்லாருக்கும் முன்னால் ஏசினேன். என்ன ஏசினேன் என்று இங்கே எழுத மாட்டேன். நானும் பத்து வருடம் கோலுக்குள் நின்றவன், எனக்கே அது தெரியாதா? தெரிந்துகொண்டுதான் ஏசினேன். பாதை நடு ஆற்றுக்கு வந்தபோது நீ என் மடியில் இருந்தபடி பெரிய சத்தமாகக் கேட்டாய்: "அப்பா, அப்ப அந்த வெடிய எப்ப கொளுத்துற?"

தலைவர் திரும்பிப் பார்த்தார். "என்ன வெடி?" என்றார்.

அந்த இரவு முழுக்க எனக்குக் கணக்குக் கேட்டார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

பிறகு என்ன செய்தோம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். முதல் கிழமை ஒருவரும் மைதானத்துப் பக்கம் வரவில்லை. மாடுகள் நின்று மேய்ந்தன. இரண்டாம் கிழமை ஒவ்வொருவராக வந்து மருத மரத்தடியில் இருந்தார்கள். பந்து கொண்டுவரவில்லை. சும்மா கதை. யார் எங்கே நின்றது, அந்த நேரம் யார் எந்தப் பக்கம் பார்த்தது, யார் கச்சான் வாங்கப் போய்க் கோலைத் தவறவிட்டது. ஒரே ஆட்டத்தை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நாலைந்து நாள் இப்படிப் போனது. பிறகு ஒருவன், "சரி, கதைச்சது காணும், பந்த எடுங்கடா" என்றான்.

அந்தப் பொடியன் மட்டும் வரவில்லை. மாரி வந்தது, பெரும்போகம் விதைத்தோம், அப்போதும் வரவில்லை. தைப் பொங்கலுக்கு முன் கதிர் முற்றும் நேரம் நம் வயல் வட்டைப் பக்கம் யானை இறங்கத் தொடங்கியது. இராக்காவலுக்கு ஆள் வேண்டும் என்ற சாட்டில் சைக்கிளில் அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது காவல் கதை. அவன் சரி அண்ணன் என்று கிளம்பிவிட்டான். காவல் குடிசையான வாடியில் இருவரும் இருந்தோம். வெளிச்சத்துக்கு ஒரு அரிக்கன் லாம்பு, யானைக்கு உன் கட்டிலுக்கடியில் இருந்த வெடி. அம்மாதான் எடுத்துப் போகச் சொன்னாள். அவளுக்கு எல்லாம் முதலே தெரிந்திருக்கிறது.

நள்ளிரவுக்குப் பிறகு ஒரு கொம்பன் வந்தது. முதல் கட்டைக் கொளுத்தினோம், கொஞ்சம் தயங்கியது. இரண்டாவதற்குக் காதை ஆட்டியது. மூன்றாவதற்கு அதுகூட இல்லை. அரை வயலை மிதித்துவிட்டு ஆறுதலாகப் போனது. 4,500 ரூபாய்! நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வாடிக்காரர் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் அவன் சொன்னான்: "பின்னேர வெயில் நேராக் கண்ணில குத்தினது அண்ணன். குத்தி எழும்பினதுக்குப் பிறகு பந்து தெரியல்ல." நாலு மாதமாக ஊரே அந்தக் கோலைப் பற்றிக் கதைத்தது, அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் நாங்கள் ஏறினோம் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஏறவில்லை. அதற்கடுத்த வருடம் ஆளே சேரவில்லை, பாதிப் பேர் கட்டாருக்குப் போய்விட்டார்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். தங்கச்சி புள்ளி அட்டவணையை எடுத்துக் காட்டினாள். 46 ஆட்டம். பழைய கொடுப்பனவுகளைப் பிந்திக் கட்டியதற்காக இரண்டு புள்ளி வெட்டியும் உங்களுக்கு 90. சண்டர்லாண்டுக்கு 76. பதினாலு புள்ளி குறைந்தவன் மேலே போகிறான். செயலாளர் மூளை எனக்கு, உடனே மேன்முறையீட்டுக் கடிதம் எழுதலாமா என்றுதான் யோசித்தேன். ஆனால் முதல் இரண்டு இடம் நேரே போகும், மூன்று முதல் ஆறு வரை இந்த வாசலில் முட்டி மோத வேண்டும் என்பது ஓகஸ்ட்டிலேயே எல்லாருக்கும் தெரிந்த விதி. லீட்ஸும் பேர்ன்லியும் ஆளுக்கு 100 எடுத்தால் என்ன செய்வது? என்னைக் கேட்டால் வெம்ப்ளியைவிட ஏப்ரல்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒக்ஸ்ஃபோர்ட், மில்வோல், பிளிமத் என்று ஒரே மூச்சில் மூன்று தோல்வி. அதில் பிளிமத் கீழே இறங்கிப்போன கழகம்! இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும், பேசாமல் இருப்பதைவிட அது நல்லது.

சண்டர்லாண்ட்காரரைத் திட்டாதே. அவர்களும் 2019இல் இதே வெம்ப்ளியில், கீழ்ப் பிரிவின் இறுதியாட்டத்தில், கூட்டிக் கொடுத்த நேரத்தின் நாலாவது நிமிடத்தில் சார்ல்டனிடம் கோல் வாங்கி அழுதுகொண்டு வீடு போனவர்கள். அந்தத் தவறான பந்தைக் கொடுத்தவரையும் போனில் எதுவும் எழுதாதே. நீ எழுதியிருக்க மாட்டாய், தெரியும். ஆனாலும் சொல்கிறேன், மண்முனைத் துறையில் நான் நின்ற நிலை அப்படி.

உன் வேலையிடத்தில், ஷெஃபீல்ட்டின் மற்றக் கழகமான வெனஸ்டேயின் ஆள் ஒருவன் நக்கலடிக்கிறான் என்று தங்கச்சி சொன்னாள். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது, புதன்கிழமைக்கும் உதைபந்துக்கும் என்ன என்று கேட்டேனே, கிரிக்கட் ஆடியவர்களுக்குப் புதன்கிழமைதான் வேலை ஓய்வாம் என்று சொன்னாய். அவன் நக்கலடிக்கத்தான் செய்வான். நம்மிடம் கொம்புமுறி விளையாட்டு நடந்த காலத்தில் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாக நிற்கும். வென்ற சேரி தோற்ற சேரியை வசை பாடும். அம்மம்மா தென்சேரி, அம்மப்பா வடசேரி. தோற்ற இரவு ஒரே வீட்டுக்குள் வசை கேட்டுக்கொண்டு அடுப்பை ஊத வேண்டும் என்று அம்மம்மா சொல்லுவா. மறுநாள் மீன் கறியில் உப்பைக் கூட்டிப் போட்டுப் பழி தீர்த்தாவாம். நீயும் அவன் தேத்தண்ணியில் ஏதாவது செய்யலாம், ஆனால் வேலை போகாமல் பார்த்துக்கொள்.

நீ அனுப்பிய சிவப்பு வெள்ளைச் சால்வையை அம்மா ரீவிக்குத் தூசி படாமல் போர்த்தி வைத்திருந்தாள். போன ஞாயிறு தோய்த்துக் காயப்போட்டு மடித்து அலுமாரியில் வைத்துவிட்டாள். ஓகஸ்ட்டில் எடுக்கலாம் என்றாள். உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

இந்த ஞாயிறு நம் நேரம் இரவு எட்டு மணிக்கு மேல் போன் எடு. வேலை, படிப்பு, குளிர் ஒன்றும் கேட்க மாட்டேன். ஷெஃபீல்ட்டில் விடியப் பஸ் ஏறியதிலிருந்து தொடங்கு. பஸ்ஸில் யார் பாடினார்கள், என்ன சாப்பிட்டாய், எந்தப் பக்கத்துக் கதிரையில் இருந்தாய். அந்த இரண்டாவது கோல் நீ இருந்த பக்கம் விழுந்ததா, எதிர்ப் பக்கமா? அதை இல்லை என்று சொன்னபோது உனக்குப் பக்கத்தில் யார் நின்றது? கடைசிக் கோலை நீ பார்த்தாயா, கண்ணை மூடிக்கொண்டாயா?

அரைமணித்தியாலத்துக்குக் காணுமளவுக்கு டேட்டா போட்டு வைத்திருக்கிறேன். காணாவிட்டால் தங்கச்சியின் போனில் மிச்சத்தைச் சொல்.

இப்படிக்கு
அப்பா